ஆக்டினோடிக்னம் ஷாலியை

ஆக்டினோடிக்னம் ஷாலியை என்பது சிறுநீர்ப் பாதைத் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்று. கிராம் சாயத்தை ஏற்கும், சற்றே வளைந்த சிறு கோல் வடிவம் கொண்டது. மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, 1997-இல் ஆக்டினோபாக்குலம் ஷாலியை என்ற பெயரில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் கிளவுஸ் ஷாலைச் சிறப்பிக்க வைத்த பெயர் இது. 2015-இல் தற்போதைய பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

மருத்துவ நூல்கள் இதை அரிய கிருமி என்கின்றன. அந்த அரிய தன்மையில் பெரும்பங்கு ஆய்வகத்தின் வழக்கமான சோதனை முறையால் வந்தது. சிறுநீர் வளர்ப்புச் சோதனையில் மாதிரியைத் தட்டில் தீற்றி, சாதாரணக் காற்றில் 37 டிகிரி வெப்பத்தில் வைத்து மறுநாளே பார்த்துவிடுவார்கள். ஈ.கோலை பாக்டீரியா அதற்குள் தாராளமாக வளர்ந்திருக்கும். ஷாலியைக்கோ இரத்த அகார் என்னும் வளர்ப்பு ஊடகமும், கரியமில வாயு கூடிய அல்லது ஆக்சிஜன் இல்லாத சூழலும், குறைந்தது 48 மணி நேரமும் வேண்டும். அப்போதும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத சாம்பல் புள்ளிகளாகவே தென்படும், ஈ.கோலை உடனிருந்தால் அதனடியில் மறைந்துபோகும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றாததால் சிறுநீர்ச் சோதனைப் பட்டையின் நைட்ரைட் கட்டமும் நிறம் மாறாது. நுண்ணோக்கியில் சீழ் அணுக்கள் நிறைந்திருக்க, அறிக்கையில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும்.

டென்மார்க் ஆய்வாளர்கள் வளர்ப்புத் தட்டை நம்பாமல் பி.சி.ஆர். முறையில் இதன் மரபணுவைத் தேடி, 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுபது வயதைக் கடந்தோரின் சிறுநீர் மாதிரிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கிருமி இருந்தது. அத்தனையும் நோய் என்று கொள்ளக்கூடாது. நோய் உண்டாக்காமலும் இது சிறுநீரில் தங்கியிருக்கக்கூடும்.

முதியவர்கள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டவர்கள், பிறவியிலேயே சிறுநீர்ப் பாதைக் கோளாறுள்ள குழந்தைகள் ஆகியோரையே பெரும்பாலும் தாக்குகிறது. நீர்க்கடுப்போடு நிற்காமல் சில வேளை இரத்தத்திலும் பரவும். முதுகெலும்பு, இதய உள்ளுறைத் தொற்றுகளும் பதிவாகியுள்ளன.

சிகிச்சையிலும் ஒரு சிக்கல் உண்டு. நீர்க்கடுப்புக்கு வழக்கமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசினும் கோட்ரைமாக்சசோலும் பெரும்பாலும் இதனிடம் பலிப்பதில்லை. அமாக்சிசிலின், செஃப்ட்ரையாக்சோன் போன்றவை நன்றாக வேலை செய்கின்றன. தொல்லை தீராமல், அறிக்கையில் சீழ் அணுக்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும் முதியவருக்கு, தட்டை இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கும்படி மருத்துவர் ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது.