பெய்யாத மழையும் அளக்காத மழையும்: வானிலைக் குறிமுறையின் வரலாறு

1924 சூலையில் உயர்மலைப் பகுதியில் பெய்த பெருமழையைக் கேரளம் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே இன்றும் நினைவுகூர்கிறது. கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாகத் தமிழக எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை அந்த வெள்ளத்தில் அழிந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908இல் குறும்பாதையாக மாற்றப்பட்ட அது மீண்டும் கட்டப்படவே இல்லை. தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுசேர்த்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிநாயக்கனூருக்கு அனுப்பிய ஏற்பாட்டில் அப்பாதை ஓர் அங்கமாக இருந்தது.

அத்தகைய நாள்களை ஆராய்வோர் முன் எளியதாகத் தோன்றும் ஒரு கேள்வி எழுகிறது. மழைமானியை அடைய வழியில்லாத காலையில் பதிவேட்டில் எதை எழுதுவது? கட்டத்தை வெறுமையாக விட்டால், பின்னாளில் படியெடுப்பவர் அதைச் சுழியம் எனக் கொள்ளக்கூடும். கொண்டால், நூற்றாண்டின் பெருமழை நாள் வறண்ட நாளாக வரலாற்றில் பதிவாகும். 'மழை இல்லை' என்பதும் 'அளவு இல்லை' என்பதும் வேறு வேறு கூற்றுகள். இவ்விரண்டையும் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டதே வானிலைத் தரவுக் குறிமுறையின் வரலாற்றில் மிக முக்கியமான இழை எனலாம்.

1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், அடுத்து வந்த பருவமழைப் பொய்ப்புகளும் ஆங்கிலேய அரசை ஓர் அனைத்திந்திய அமைப்பை நோக்கி நகர்த்தின. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் வானிலை அறிக்கையாளரானார். நுங்கம்பாக்கத்தில் 1792இலும் திருவனந்தபுரத்தில் 1837இலும் அமைந்த ஆய்வகங்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் தனித்தனி இடங்களின் குறிப்புகளை ஒரே நாளில் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது தந்தி. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம். ஆகவே வானிலைச் செய்தி சொற்களைத் துறந்து, ஐந்து ஐந்து இலக்கங்களாக அடுக்கிய எண் தொகுதிகளாகச் சுருங்கியது. அத்தொகுதியில் ஓர் இலக்கத்தின் பொருளை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. இடம் தவறினால் பொருளும் தவறும்.

1982 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'சினாப்' குறிமுறை இம்மரபின் முதிர்ந்த வடிவம். குளிர்காலக் காலையொன்றில் மாட்டுப்பட்டியில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 1.5 பாகை எனக் கொள்வோம். மூணாற்றைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் சனவரியில் உறைபனி படிவது புதிதன்று. சினாப் அதனை 11015 என எழுதும். முதல் 1 இது வெப்பநிலைத் தொகுதி என்கிறது. அடுத்த 1 எதிர்மக் குறி. எஞ்சிய 015 பாகையின் பத்திலொரு கூறுகளில் அளவு. வெப்பமானி உடைந்திருந்தால் இலக்கங்களின் இடத்தில் சாய்கோடுகள் நிற்கும். சுழியத்தை ஒருபோதும் அவ்விடத்தில் இட்டு நிரப்புவதில்லை.

மழைக்கான விதிகள் இன்னும் நுட்பமானவை. மழைத் தொகுதி செய்தியில் இடம்பெறாதபோது அதற்கான காரணத்தைச் சொல்லவே ஒரு தனி இலக்கம் உண்டு. அது 3 ஆனால் மழை பெய்யவில்லை. 4 ஆனால் மழையளவு கிடைக்கவில்லை. 1924இன் பதிவேட்டுக் கட்டம் எழுப்பும் கேள்விக்கு இந்த ஓர் இலக்கமே விடை. மழையளவுக்குரிய மூன்று இலக்கங்களில் 990 என்பது அளக்க முடியாத தூறல். 991 முதல் 999 வரை மில்லிமீட்டரின் பத்திலொரு கூறுகள். 989 என்பது '989 மி.மீ. அல்லது அதற்கு மேல்'. உச்சியில் உள்ள எண்களைத் தூறலுக்கு ஒதுக்கியதால் பெருமழைக்கு ஒரு கூரை விழுந்தது. 1876 சூன் 14இல் சிரபுஞ்சியில் ஒரே நாளில் பெய்த 1036 மி.மீ. மழையை அம்மூன்று இலக்கங்களில் உள்ளபடி எழுத இயலாது.

செயற்கைக்கோள்களும் தானியங்கி நிலையங்களும் பெருகியபோது ஐந்திலக்கத் தொகுதிகள் போதவில்லை. 1988இல் உலக வானிலை அமைப்பு 'பஃபர்' என்னும் இருமக் குறிமுறையை ஏற்றது. இதில் ஒவ்வொரு தரவுக் கூறுக்கும் பொது அட்டவணையில் ஒரு விவரணம் உண்டு. அது அலகு, பத்தின் அடுக்கு, அடிப்படை எண், இடத்தின் அகலம் ஆகிய நான்கையும் வரையறுக்கும். மொத்த மழையளவுக்கு அடுக்கு 1, அடிப்படை எண் -1, அகலம் 14 பிட்டுகள். 61.2 மி.மீ. மழையைப் பத்தால் பெருக்கினால் 612. அதிலிருந்து -1ஐக் கழித்தால் 613. செய்தியில் ஏறுவது இந்த 613தான். மழையே இல்லையெனில் ஏறுவது 1. தூறலுக்கு -0.1 என்னும் மரபு மதிப்பு இருப்பதால் அது 0 ஆக ஏறும். அளவே இல்லையெனில் பதினான்கு பிட்டுகளும் 1 ஆகி, 16383 என நிற்கும். ஆக, பஃபர் செய்தியில் பிட்டுகள் அனைத்தும் சுழியமாயிருந்தால் அதன் பொருள் 'மழை இல்லை' என்பதன்று. 'தூறல் விழுந்தது' என்பதே.

இந்தக் கணக்கை மனிதர் கையால் செய்வதில்லை. நடுத்தரக் கால வானிலை முன்கணிப்புக்காக 1975இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய மையம், 'கிரிப் ஏபிஐ' என்னும் தன் முந்தைய நிரல் நூலகத்தை வளர்த்து 'ஈசிகோட்ஸ்' என்ற சி மொழி நூலகத்தை உருவாக்கிப் பொதுவில் வழங்கியது. அதன் நடைமுறை தந்திக்கால எழுத்தரின் வேலையை நினைவூட்டுகிறது. முதலில் வெற்றுப் படிவம் போன்ற மாதிரிச் செய்தி ஒன்று திறக்கப்படும். எந்தெந்தக் கூறுகள் வேண்டும் என்ற விவரணப் பட்டியலைக் கொடுத்தால் கட்டங்கள் உருவாகும். பிறகு கூறின் பெயரைச் சொல்லி மதிப்பை இடவேண்டும்: முழு எண்ணுக்கு 'கோட்ஸ்_செட்_லாங்', பதின்ம எண்ணுக்கு 'கோட்ஸ்_செட்_டபிள்', எழுத்துச் சரத்துக்கு 'கோட்ஸ்_செட்_ஸ்ட்ரிங்'. ஒரே பெயர் பலமுறை வந்தால் எத்தனையாவது என வரிசை எண்ணையும் சேர்க்கவேண்டும். இறுதியில் 'பேக்' என்னும் விசைக்கு 1 என மதிப்பிட்டால்தான் எல்லாம் பிட்டுகளாக மாறிச் செய்தியில் அடங்கும். அதை மறந்தால், இட்ட மதிப்புகள் எவையும் வெளியே செல்லும் செய்தியில் இரா.

புதிதாக உருவாகும் கட்டங்களில் மதிப்பு எதுவும் இடாவிட்டால் அவை சுழியமாவதில்லை. 'இல்லை' என்றே நிற்கின்றன. சினாப் குறிமுறையில் எழுத்தர் நினைவோடு செய்யவேண்டியிருந்த வேறுபாடு இங்கே தொடக்க நிலையிலேயே அமைந்துவிட்டது.

எனினும் சிக்கல்கள் நீங்கிவிடவில்லை. மாட்டுப்பட்டியின் அதே -1.5 பாகையைப் பஃபர் கெல்வினில் கேட்கும்: 271.65. பழைய வெப்பநிலை விவரணம் ஒரே ஒரு பதின்ம இடத்தை மட்டுமே தருவதால் அது 271.6 அல்லது 271.7 ஆகிவிடும், அளந்த எண் அப்படியே திரும்பி வராது. இரண்டு பதின்ம இடங்களும் 16 பிட்டுகளும் கொண்ட விவரணத்தில் 27165 என முழுமையாக அடங்கும். உறைநிலையை ஒட்டி நிகழும் மாற்றங்களை ஆராய்பவருக்கு இந்த அரைக்கூறு சிறியதன்று.

மழையின் கூரை உயர்ந்ததே தவிர மறையவில்லை. 14 பிட்டுகளில் 'இல்லை'க்குரிய எண்ணை நீக்கினால் எழுதக்கூடிய உச்ச அளவு 1638.1 மி.மீ. 1995 சூன் 16இல் சிரபுஞ்சியில் பதிவான 1563 மி.மீ. அதில் அடங்கும். ஆனால் 1966 சனவரியில் ரியூனியன் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் பெய்த 1825 மி.மீ. என்னும் உலக உச்சம் அடங்காது. கட்டத்தின் அகலத்தைக் கூட்டும் வழியைப் பஃபர் தருகிறது. நிரலர் அதை முன்கூட்டியே எண்ணியிருக்கவேண்டும். எண்ணாதபோது ஈசிகோட்ஸ் 'வரம்புக்கு வெளியே' எனப் பிழை கூறி நின்றுவிடும். வேலை தடைபடாதிருக்க ஒரு சூழல் மாறியை அமைத்துவைத்தால் பிழை கூறாமல் அவ்விடத்தில் 'இல்லை' என்று எழுதிவிடும். அளந்தவற்றிலெல்லாம் பெரிய மழை, அளக்கப்படாத மழையாக மாறிவிடும் நிலை அது. பிழையை வாய்விட்டுச் சொல்லும் நிரலே இங்கு நேர்மையான நிரல்.

இந்த வேறுபாடு கணினி அறைக்குள் அடங்கிய நுட்பமன்று என்பதற்கு அண்மைச் சான்று பெட்டிமுடி. 2020 ஆகத்து 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலைதான் செய்தி வெளியே வந்தது. அந்த இரவு முழுதும் பெட்டிமுடியிலிருந்து எதுவும் வரவில்லை. எதுவும் வராததை 'எதுவும் நடக்கவில்லை' எனக் கொள்வதற்கும், 'தெரியவில்லை' எனக் கொள்வதற்கும் இடையிலான தூரத்தை அந்த இரவு காட்டியது.

மலைநாட்டின் மழைப்பதிவுகள் பெருமழை நாள்களில்தான் அறுபடும். மானி நிரம்பி வழிவதும், பாதை துண்டிக்கப்படுவதும், மின்கலம் செயலிழப்பதும் அதே நாள்களில்தான். எனவே ஒரு வரிசையில் விடுபட்ட கட்டங்கள் எங்கும் சமமாகச் சிதறிக் கிடப்பவையல்ல. ஆபத்தைச் சுற்றித் திரண்டு நிற்பவை. அவற்றைச் சுழியமாக்கிச் சராசரி காண்பவர் மலையை உள்ளதைவிட வறண்டதாகவும் பாதுகாப்பானதாகவும் காட்டிவிடுவார். பழைய தோட்டப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் மாணவர் ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலும் நின்று, இது பெய்யாத மழையா, அளக்காத மழையா எனக் கேட்டே ஆகவேண்டும். 1982இன் ஓர் இலக்கமும் 1988இன் பதினான்கு பிட்டுகளும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே இடம் விட்டு வைத்திருக்கின்றன.