காரைக்கால் துறையும் நிக்கல் மலையும்

அரசலாறு கொணர்ந்து பரப்பிய வண்டலின்மீது நெல் விளைத்து வாழ்ந்த காரைக்கால், மலையும் தாதுவும் அறியாத ஊர். ஆயினும் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமானபின், அதன் சரித்திரம் தான் காணாத மலைகளோடும் பிணைக்கப்பட்டுவிட்டது. 1848-இல் ரியூனியன் தீவில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்ட முதலாளிகள் புதுச்சேரியிலும் காரைக்காலிலுமிருந்து தமிழரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினர். 1861-இல் ஆங்கிலேயரோடு ஏற்பட்ட உடன்படிக்கை அந்த வியாபாரத்துக்கு (வேறு பெயர் அதற்குப் பொருந்தாது) சட்ட சம்மதமும் அளித்தது. பின்னர் அத்தீவில் கரும்பில் பூச்சி விழுந்து நொடித்த முதலாளிகள் சிலர், 1853-இல் பிரான்ஸ் கைப்பற்றிய பசிபிக் தீவான நியூ கலிடோனியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, இந்தியத் தொழிலாளரையும் உடன் கொண்டுசென்றனர்.

அங்கே கரும்பை வெட்டுக்கிளி தின்றது, நிக்கல் வாய்த்தது. 1860-களில் ஜூல் கார்னியே கண்ட பச்சைத் தாதுவுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1880-இல் நிக்கல் கம்பெனி எழுந்தது. கைதிகளும், பின்னர் ஜப்பானியரும் ஜாவானியரும் மலைகளை வெட்டினர்.

தாதுவைத் தேடி வந்தவர் கண்ணுக்கு வெட்டியெறிய வேண்டிய குப்பையாகவே தோன்றிய அம்மலைப் புதர்களின் விசேஷத்தை உலகம் அறிய வெகுகாலம் ஆயிற்று. பிற பயிர்களுக்கு விஷமாகுமளவு நிக்கல் செறிந்த அம்மலைகளின் செம்மண்ணில், சில செடிகள் அவ்வுலோகத்தை விலக்காமல் வேரால் உறிஞ்சி, சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்து, நம் உப்பங்கழியோரத்து உமரி உப்பைச் சேமிப்பதுபோல இலையில் சேமித்துவிடுகின்றன. காப்பிக் குடும்பத்துக் குறுஞ்செடியான சைக்கோட்ரியா அவற்றுள் ஒன்று; கீழாநெல்லியின் இனத்தைச் சார்ந்த புதர்களும் உண்டு. உரிய ரசாயனத்தில் தோய்த்த வெள்ளைத் தாளில் இலையைக் கசக்கி அழுத்தினால் தாள் இளஞ்சிவப்பாக மாறி, உள்ளிருக்கும் நிக்கலைக் காட்டிக்கொடுக்கும். எனினும், 1976-இல் ஜாஃப்ரே, புரூக்ஸ் முதலான ஆய்வாளர்கள் விவரித்த செபெர்டியா மரத்துக்குத் தாளும் வேண்டுவதில்லை: பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடிகிறது; உலர்ந்த அப்பாலின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு நிக்கலே.

வெட்டித் தீர்ந்த சரிவுகளை மூட இன்று சவுக்கு இனத்து மரங்களோடு உலோகம் உண்ணும் உள்நாட்டுச் செடிகளும் நடப்படுகின்றன. அவற்றின் இலைகளை எரித்து, சாம்பலில் தங்கும் உலோகத்தை மருந்துப் பொருள்கள் முதலியன செய்யும் ரசாயன வினைகளுக்கு ஊக்கியாகப் பயன்படுத்தும் வழியைப் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் குளோட் கிரிசோன் என்ற அம்மையார் கண்டிருக்கிறார்.