ஐந்து பவுன் வெகுமதி

கள்ளச் சாராயம் என்றவுடன் காட்டுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சுகிறவனே நம் மனக்கண்முன் தோன்றுகிறான். மெழுகுவத்தியும் சோப்பும் விற்கும் மூலைக்கடை நம் நினைவுக்கு வருவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரத்து ஏழைகளைக் கெடுத்தவற்றில் அத்தகைய மூலைக்கடைகளுக்குப் பெரும் பங்குண்டு.

1690-க்குப் பின் இங்கிலாந்தில் உள்நாட்டுத் தானியத்தைக் காய்ச்சி வடிப்பதற்கு அரசாங்கமே ஊக்கம் அளித்தது. நிலப்பிரபுக்களின் தானியத்துக்கு விலை கிடைத்தது. கஜானாவுக்கு வரியும் கிடைத்தது. விளைவாக ஜின் என்னும் மது மலிந்தது. 1736 ஜனவரியில் மிடில்செக்ஸ் மாஜிஸ்திரேட்டுகள் எடுத்த கணக்கில், பழைய நகர எல்லைக்குட்பட்ட பகுதியைச் சேர்க்காமலே 7,044 ஜின் கடைகள் இருந்தன. பலசரக்குக் கடையிலும் புகையிலைக் கடையிலும் அது கிடைத்தது. தெருவில் கூடை சுமந்த பெண்களும் அதை விற்றனர்.

அவ்வாண்டே பார்லிமெண்டு கடுஞ்சட்டம் ஒன்றை இயற்றியது. சில்லறையாக விற்போர் ஆண்டுக்கு 50 பவுன் கட்டி உரிமம் பெறவேண்டும். உரிமமின்றி விற்றால் அபராதம் 100 பவுன். கூடைக்காரி அத்தனை பணத்தைக் கனவிலும் கண்டிருக்கமாட்டாள். உரிமம் பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். விற்பனையோ நிற்கவில்லை. மருந்து விற்போருக்கு அளித்திருந்த விலக்கைப் பயன்படுத்திக்கொண்டு, சிலர் ஜின்னுக்குச் சாயமேற்றி, வயிற்றுவலி மருந்தென்று புட்டியில் அடைத்து விற்றனர்.

அபராதம் கட்ட வழியற்றவர்களிடம் எதை வசூலிப்பது? துப்புக் கொடுத்தவனும் வெறுங்கையோடு திரும்பினான். ஆகவே 1737-இல் சட்டம் திருத்தப்பட்டது. அபராதம் வராவிட்டாலும் துப்புக் கொடுத்தவருக்கு ஐந்து பவுன் உண்டு என்றாயிற்று. அந்நாளில் அது ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஓராண்டு ஊதியத்துக்கு ஏறத்தாழச் சமம். இத்திருத்தமே வினையாயிற்று என்பது என் கருத்து. துப்புக் கொடுப்பது ஒரு பிழைப்பாகிவிட்டது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பரம ஏழைகள். அவர்களிலும் பெண்கள் பலர். பெருமளவில் காய்ச்சி விற்ற செல்வர்களை அந்தக் கரம் எட்டவில்லை. அண்டைவீட்டுக்காரியைக் காட்டிக்கொடுத்துப் பணம் பெற்றவனைத் தெருவார் சும்மா விடுவார்களா? சேற்றிலே புரட்டினர், அடித்தனர், சிலர் உயிரிழக்கவும் நேர்ந்தது. 1738-இல், துப்புக் கொடுத்தோரைக் கும்பலாகத் தாக்குவோரை நாடு கடத்தலாம் என மற்றொரு சட்டம் வந்தது.

அக்காலத்து வேடிக்கை ஒன்றையும் சொல்லியாகவேண்டும். டட்லி பிராட்ஸ்டிரீட் என்பவர், தம்மீது துப்புக் கொடுப்பதற்குக் கடைக்காரரின் பெயர் தெரிந்தாக வேண்டும் என்று சட்டத்தைப் படித்துக் கண்டுகொண்டார். வேறொருவர் மூலம் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கதவைத் தாழிட்டு உள்ளே அமர்ந்தார். சன்னலில் பூனை வடிவப் பலகை ஒன்றை அறைந்து, அதன் பாதத்தின் கீழே ஈயக்குழாய் ஒன்றைப் பொருத்தினார். வந்தவர் பூனையின் வாயில் காசைப் போடுவார். குழாய் வழியே ஜின் வழியும். வாங்கியவர் விற்றவரின் முகத்தைக் காணவில்லை. பிறகு யாரைக் காட்டிக்கொடுப்பது?

1743-இல் அரசாங்கம் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. அவ்வாண்டு வரிக்கணக்கில் ஏறிய சாராயம் சுமார் 80 இலட்சம் கேலன். புதிய சட்டப்படி உரிமக் கட்டணம் ஒரு பவுனாகக் குறைந்தது. ஆயினும் அதைச் சாதாரண மதுக்கடை உரிமம் உடையவரே பெறமுடியும். 1751-இல் இன்னும் நுட்பமான சட்டம் பிறந்தது. காய்ச்சுகிறவர் சில்லறையாக விற்கலாகாது. மளிகைக் கடைகளும் மெழுகுவத்திக் கடைகளும் சாராயத்தைத் தொடலாகாது. ஆண்டுக்குப் பத்துப் பவுனாவது வாடகை பெறும் இடத்தில் கடை வைத்திருப்பவருக்கே உரிமம். இருபது ஷில்லிங்குக்குக் குறைந்த சாராயக் கடனை வசூலிக்க நீதிமன்றம் உதவாது.

இந்தக் கடைசி விதி என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. கூலியாளுக்கு வாரமெல்லாம் கடனுக்கு ஊற்றிக் கொடுத்துச் சனிக்கிழமைக் கூலியைப் பறித்துக்கொள்ளும் வழக்கத்தின் வேரை அது அறுத்தது. அதற்குத் துப்பாளி எவனும் தேவைப்படவில்லை. உரிமம் உடைய கடைக்காரருக்கோ, இழப்பதற்கு ஒரு பொருள் கையில் இருந்தது. உரிமமின்றி விற்பவன் அவருக்கே போட்டிக்காரன் ஆனான்.

குடி குறைந்தது இச்சட்டத்தால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 1757-இல் விளைச்சல் பொய்த்து, தானியத்திலிருந்து சாராயம் வடிப்பதற்கே தடை வந்தது. 1760 வரை அத்தடை நீடித்தது. அதற்குள் ஜின்னின் விலை கூலிக்காரனின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.