ஊர் பெயர்ந்த உதைபந்தாட்டக் கழகம்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றில் 1957ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். அவ்வாண்டிலேயே பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். படைத்தளமொன்றை நம்பி வளர்ந்த ஊரிலிருந்து அதன் நிறுவனம் பெயர்ந்துவிட்டது. பேரரசின் தலைநகரிலும் இதையொத்த பிரிவொன்று முன்னரே நிகழ்ந்திருந்தது. தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள வூல்விச்சிலிருந்து 1913இல் பெயர்ந்தது ஓர் உதைபந்தாட்டக் கழகம். இன்று உலகறிந்த ஆர்சனல்.

வூல்விச்சின் அரச படைக்கலச்சாலை பேரரசின் படைகளுக்குப் பீரங்கியும் வெடிமருந்தும் ஆக்கிய இடம். அங்கு 'டயல் ஸ்குவெயர்' பட்டறைத் தொழிலாளர் 1886இல் குழுவொன்றை அமைத்தனர். முன்னின்றவர் ஸ்கொத்லாந்தினரான டேவிட் டான்ஸ்கின். பதினைந்து பேர் ஆளுக்கு ஆறு பென்சு இட, அவர் மேலும் மூன்று சிலிங் சேர்த்துப் பந்து வாங்கினார் என்பது கழக மரபு. சிவப்புச் சட்டைகளோ நொட்டிங்ஹாம் பொறெஸ்ற் கழகத்தார் ஈந்தவை. 1891இல் ஊதியம் பெறும் ஆட்டக்காரரை ஏற்று, 1893இல் உதைபந்தாட்ட லீக்கிற் சேர்ந்த முதல் தென்னிங்கிலாந்துக் கழகமாகவும் அது உயர்ந்தது.

பிறந்த இடமே பின்னர் பாரமாயிற்று. நகரின் நடுவிலிருந்து வூல்விச்சுக்குச் செல்வது எளிதன்று. போவர் போர்க்காலத்திற் சனிக்கிழமை பிற்பகல்களிலும் வேலை நீண்டமையாற் பார்வையாளர் குறைந்தனர். போருக்கு ஆயுதஞ் செய்தோரின் கழகத்தைப் போரே நலித்தது! 1910இல் கடனில் மூழ்கிய கழகத்தை ஹென்றி நொரிஸ் கைக்கொண்டார். மூன்றாண்டின் பின், வடகரையில் கில்லெஸ்பி வீதிச் சுரங்க இரயில் நிலையத்தை ஒட்டிய ஹைபரிக்கு அதனைக் கொண்டுசென்றார். அயற்கழகமான ரொட்டன்ஹாம் எதிர்த்தும் பயனில்லை. நொரிசின் பணவேட்கையை மட்டும் பழிப்போர், வெறுமையான இருக்கைகளை மறந்துவிடுகின்றனர். எனினும், ஆறு பென்சு கொடுத்தோரின் ஊர் தன் கழகத்தை இழந்தது என்பதும் மறுக்கவியலாதது.

விரைவில் 'வூல்விச்' என்னும் அடைமொழியும் நீங்கிற்று. 1932இல் கில்லெஸ்பி வீதி நிலையமே 'ஆர்சனல்' எனப் பெயர் மாறியது. ஊரின் பெயரைத் துறந்த கழகம் தன் பெயரை மற்றோரிடத்திற்கு அளித்தது. 2006இல் மீண்டும் பெயர்ந்தபோது கடந்த தூரம் ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. வூல்விச்சின் ஆயுத உற்பத்தி 1967இல் நின்றுபோயிற்று. கழகத்தின் சின்னத்தில் மட்டும் பீரங்கி இன்றும் இருக்கிறது.