ஃபிஷிங்

மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியை அப்படியே கொண்டு, முதலெழுத்தாகிய 'எஃப்' மட்டும் 'பி', 'எச்' என்னும் ஈரெழுத்துகளாக மாற்றப்பெற்று அமைந்த ஃபிஷிங் என்னும் சொல், 1990களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் என்னும் இணையச் சேவையின் ஊழியர்போல் நடித்துப் பயனர்களிடம் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்றவர்களின் வழக்கிலிருந்து பரவியது. தொலைபேசி வலையமைப்புகளுக்குள் முறைகேடாக நுழைந்தோர்க்கு 1970களில் வழங்கிய 'ஃப்ரீக்' என்னும் பெயரின் எழுத்தமைப்பை ஒட்டியே இம்மாற்றம் நேர்ந்தது என்பர். கணினியின் பிழையைவிட மனிதரின் நம்பிக்கையையும் பதற்றத்தையுமே, நம்பத்தக்கவர்போல் நடித்துக் கடவுச்சொல் போன்றவற்றைப் பறிக்கும் ஃபிஷிங் மோசடி பற்றுக்கோடாகக் கொள்வதால், சமூகப் பொறியியல் எனப்படும் ஏமாற்று முறையின் ஒரு வகையாக இது கொள்ளப்படுகிறது. இவ்வாறு வங்கியின் பெயரால் வரும் போலி மின்னஞ்சல் இட்டுச்செல்லும் தளத்தைத் திறக்கும்போது சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தோன்றும் பூட்டுக் குறி, தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது என்பதை உணர்த்துமேயன்றித் தளத்தை நடத்துபவரின் நேர்மைக்குச் சான்றாகாது. போலித் தளங்களும் அக்குறியை எளிதில் பெற்றுவிடுகின்றன.