வயசு தெரியாமலே வரிசை: ஊட்டத்தூரிலிருந்து அரியலூர் வரை

பள்ளிக்கூடத்தில் பாறை என்றால் மூன்று வகை: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு உதாரணம் எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் நிலவியலே நிற்கிற அடிப்படை ஒன்று உண்டு: கலையாத அடுக்குகளில் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. இதைக் கேக் மாதிரி ஒரு படம் போட்டு முடித்துவிடுகிறோம். பூமியைத் தோண்டினால்தான் அடுக்கு தெரியும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

தோண்டவே வேண்டாம். திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் பக்கம் இருக்கும் ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே அரியலூர் வரை போய்ப் பாருங்கள். நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர் அளவுதான். அடுக்கி வைத்த நோட்டுப் புத்தகங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தால், ஒவ்வொன்றின் விளிம்பும் வெளியே தெரியும் இல்லையா? இங்கேயும் அடுக்குகள் கிழக்குப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் கிழக்கே போகப் போகப் பாறை புதுசாகிக்கொண்டே வரும்.

மேற்கே மிகப் பழைய கடினப் பாறை. அதன் மேல் ஊட்டத்தூர் அடுக்கு. காரை கிராமத்துப் பக்கம் மழை அரித்த களிமண் மேடுகளில் இதைப் பார்க்கலாம். ஜிப்சம் பளபளக்கும். துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டுகள் கிடக்கும். அடுத்தது கருடமங்கலம், சாத்தனூர் பக்கம் திருச்சி அடுக்கு. ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகள் இதில் உண்டு. கடைசியில் அரியலூர் அடுக்கு. மூன்றுமே கடல் விட்டுப்போன படிவுகள்.

சரி, இந்த வரிசையை யார் கண்டுபிடிச்சாங்க?

1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பகுதியிலும் புதுச்சேரி, விருத்தாசலம் பக்கமும் தொல்லுயிர் எச்சங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். ஆனால் எது எதற்கு மேல் என்பதைப் பெட்டியில் வந்த கிளிஞ்சலை வைத்து முழுசாகச் சொல்ல முடியாது. அதற்கு ஆள் இங்கே வந்து நடக்கணும்.

நடந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட். 1862-இல் வந்த அவருடைய அறிக்கைதான் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தது. அந்தப் பெயர்கள் இன்றும் உலக நிலவியல் நூல்களில் இருக்கின்றன. அதன்பின் அந்த எச்சங்களை இனம் இனமாக விவரித்த ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா, 1874-இல் லடாக் பக்கம் ஒரு பயணத்தில் 36 வயதில் இறந்துபோனார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பிளான்ஃபோர்டுக்கு இந்தப் பாறைகளின் வயது தெரியாது! கதிரியக்கமே 1896-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று நாம் ஊட்டத்தூர் சுமார் 10 கோடி, திருச்சி 9 கோடி, அரியலூர் 7 கோடி ஆண்டு என்கிறோம். அவரிடம் எண் கிடையாது, வரிசை மட்டும் இருந்தது. என் தொழிலில் சொன்னால், நேரம் பதிவாகாத லாக் ஃபைல். எத்தனை மணிக்கு என்று தெரியாது. எதுக்கு அப்புறம் எது என்று தெரியும். பிழையைக் கண்டுபிடிக்கப் பல நேரம் அதுவே போதும்.

இதே பிளான்ஃபோர்ட் பிறகு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகி, 1870களில் இந்தியப் பள்ளிகளுக்கென்றே இயற்கைப் புவியியல் பாடநூல் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது.

பிள்ளைகளைச் சாத்தனூர் கல்மரத்துக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. 18 மீட்டர் நீளத்துக்கு மரம் கல்லாகிக் கிடக்கிறது. "எத்தனை கோடி வருஷம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "கடல் கிளிஞ்சல் கிடக்கிற இடத்தில் மரம் எப்படி வந்தது?" என்று கேளுங்கள். ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்திருக்கும் என்ற பதிலுக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

இன்னொன்று. காரையில் கிடைப்பதைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எந்த இடம், எந்த அடுக்கு, மேலே என்ன, கீழே என்ன என்று நோட்டில் எழுதி, படம் வரைந்து, கல்லை அங்கேயே விடச் சொல்லுங்கள். ஏற்கெனவே சிமென்டுக்காக இந்தப் பகுதியின் சுண்ணாம்புப் பாறை நாள்தோறும் வெட்டப்படுகிறது. அடுக்கைவிட்டுப் பிரிந்த அம்மோனைட் அலமாரியில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எதுக்கு அப்புறம் எது என்று அதனால் சொல்ல முடியாது.