அருளப்பனும் ஜாக்கியும்

பிள்ளைக்குப் பேர் வைக்கும் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடி மல்லுக்கு நிற்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே அப்படியொரு சண்டை இருக்கிறது. யூதேயா மலைநாட்டில் ஒரு குருவின் வீடு. வயசான காலத்தில் பிறந்த பிள்ளை. எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்குக்கு வந்த உறவுமுறையார், தகப்பன் பேரான செக்கரியாவையே பிள்ளைக்கும் இட்டுவிட இருந்தார்கள். தாய் எலிசபெத்து மறித்தாள். யோவான் என்றுதான் வைக்க வேண்டும் என்றாள். உன் வகையறாவில் அந்தப் பேர் யாருக்கும் கிடையாதே என்று அவளை மடக்கினார்கள். தகப்பனைக் கேட்கலாமென்றால், மனைவி கருவுறும் முன்பிருந்தே அவருக்குப் பேச்சு அடைத்துக் கிடக்கிறது. சைகையால் கேட்டார்கள். அவர் எழுதுபலகை ஒன்றை வாங்கினார். அந்தக் காலத்து எழுதுபலகை பெரும்பாலும் மெழுகு பூசிய மரச்சட்டம். கூரான ஆணியால் கீறி எழுதுவார்கள். அதில் அவர் எழுதிக் கொடுத்தது மனைவி சொன்ன அதே பேர்.

அந்த வகையறாவில்தான் இல்லையே தவிர, நாட்டில் அது புதுப் பேர் அல்ல. எபிரேயத்தில் அதன் வடிவம் யோஹானான். முன்பாதி 'யோ' கடவுளின் பேரான யாவே என்பதன் சுருக்கம். பின்பாதிக்கு இரங்கினார், அருளினார் என்று பொருள். ஆகவே இது சொல் அல்ல, ஒரு முழு வாக்கியம்: கடவுள் அருள்புரிந்தார். பிள்ளையில்லாமல் காத்திருந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் ஏது? அந்தப் பின்பாதியின் வேர் செமித்திய மொழிகளில் நெடுகப் பரவியது. சாமுவேலின் தாய் அன்னாள் அதிலிருந்து வந்தவள். நம் ஊர் அன்னம்மாவும் அவள் வழிதான். ஹனனியா என்றால் அதே வாக்கியம், எழுவாயும் பயனிலையும் இடம் மாறியிருக்கும், அவ்வளவே. யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமாபுரியைக் கலங்கடித்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இந்தக் குடும்பத்துப் பங்காளி என்றால் பலர் நம்பமாட்டார்கள். கார்த்தேஜ்காரர் பேசிய பினீசிய மொழி எபிரேயத்துக்கு உடன்பிறப்பு. அங்கே அருளியவர் யாவே அல்ல, பாகால்.

எபிரேயத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் வாக்கியம் செத்தது. ஓசை மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. கிரேக்கருக்கு அந்தத் தொண்டை ஹகரம் வராது. அது விழுந்து, ஆண்பால் விகுதி ஒட்டி, இயோவான்னேஸ் ஆயிற்று. அங்கிருந்து லத்தீன். லத்தீனில் யகரத்துக்கென்று தனி எழுத்து இல்லை. ஐ என்ற எழுத்தே இரண்டு வேலையும் பார்த்தது. ஐரோப்பிய மொழிகளில் ஜே என்ற எழுத்து தனிக்குடித்தனம் போக நாளாயிற்று. 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில்கூட ஜானுக்கு முதலெழுத்து ஐ-தான். எழுத்து ஒன்றானாலும் ஒலி ஊருக்கு ஊர் பிசகியது. பிரெஞ்சுக்காரர் ழான் என்றனர், ஸ்பானியர் ஹுவான், இத்தாலியர் ஜொவான்னி. போர்ச்சுகீசியர் மூக்கில் பேசி ஜுவாவ் ஆக்கினர். ஹங்கேரியில் யானோஷ், பின்லாந்தில் யுஹானி, ஆர்மேனியாவில் ஹோவ்ஹான்னெஸ், ஸ்காட்லாந்தில் இயன். நம்மில் ராமகிருஷ்ணனை ஒரு வீட்டில் ராமு என்றும் இன்னொரு வீட்டில் கிட்டு என்றும் கூப்பிடுவதுபோல, டச்சுக்காரர் முன்பக்கத்தைப் பிடித்து யான் என்றார்கள். ஜெர்மானியர் பின்பக்கத்தைப் பிடித்து ஹான்ஸ் என்றார்கள்.

எனக்குப் பிடித்தது செர்பியர்களின் யோவன். ஓகாரமும் அகரமும் அடுத்தடுத்து வர, நடுவில் ஒரு வகரம் முளைத்திருக்கிறது. ரஷ்ய இவானில் உள்ள வகரமும் இப்படி வந்ததுதான். தமிழ் யோவானைப் பாருங்கள்: இ, ஈ, ஐ தவிர்ந்த உயிர்களுக்குப் பின் இன்னோர் உயிர் வந்தால் வகரம் உடம்படுமெய்யாகும் என்று நன்னூல் சொல்கிற வேலையை பெல்கிரேடில் யாரும் படிக்காமலே செய்திருக்கிறார்கள்.

ஒரே பேர் ஒரே மொழிக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைவதும் உண்டு. அயர்லாந்துக்குத் துறவிகளின் லத்தீன் வழியாக முதலில் வந்தது இயோன். 12-ஆம் நூற்றாண்டில் நார்மானியர் படையெடுத்து வந்தபோது அவர்களுடைய பிரெஞ்சு வழியாக ஷான் வந்தது. இன்றும் இரண்டும் வழக்கில் உள்ளன. தமிழ் பைபிளிலும் இதே கதை. புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் எரேமியா புத்தகத்தைத் திறந்தால் கரேயாவின் மகன் யோகனான் வருவார். புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் யோவான். முன்னவர் எபிரேயத்திலிருந்து நேரே வந்தவர், பின்னவர் கிரேக்கத்தைச் சுற்றி வந்தவர். ஒரே அட்டைக்குள் ஒரே பேர்தான் இரண்டு வேடத்தில் இருக்கிறது என்பது ஞாயிறுதோறும் வாசிக்கிறவர்களுக்கும் தோன்றாது. பக்கத்துக் கேரளத்திலோ சிரியாக் மொழி வழியே வந்த யோஹன்னான், நாக்கில் உருண்டு உலகன்னான் ஆகி, லோனப்பன் ஆகி, திருச்சூர்ப் பக்கத்துப் பெரியவர்களின் பேராகவே ஊறிவிட்டது.

இவ்வளவு பரவக் காரணம் கேட்டால், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஒரு யோவான், நற்செய்தி எழுதியவர் என்று சபை போற்றுபவர் இன்னொரு யோவான். பிறகு கேட்பானேன். 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களில் நான்கில் ஒருவருக்குக் குறையாமல் ஜான்கள்தான். ஒரு தெருவில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பினால் என்ன செய்வது? ஜானின் மகன் என்று ஜான்சன் முதலான குடும்பப் பேர்கள் கிளைத்ததற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம். வேல்ஸில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பேர் ஜோன்ஸ். அதன் முதலெழுத்து வேல்ஸ் மொழியின் பழைய நெடுங்கணக்கிலேயே கிடையாது. அரண்மனைகளில் மட்டும் இந்தப் பேருக்கு ராசியில்லை என்றொரு பேச்சு. 1390-இல் ஸ்காட்லாந்து அரியணை ஏறிய இளவரசர் ஜான், தன் பேரை ராபர்ட் என்று மாற்றிக்கொண்டுதான் முடிசூடினார். இங்கிலாந்திலும் ஒரே ஒரு ஜான் மன்னரோடு சரி. பாப்பரசர்களுக்கு அந்தப் பயம் இல்லை. 1958-இல் பதவியேற்றவர் இருபத்து மூன்றாம் யோவான். எண்ணிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் தடுமாறியதால் இருபதாம் யோவான் என்று ஒருவர் பட்டியலில் கிடையவே கிடையாது.

ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் பிறந்தநாள் ஜூன் 24. இயேசுவுக்கு ஆறு மாதம் மூத்தவர் என்ற கணக்கு. வடக்கு ஐரோப்பாவில் அது நெடும்பகல் காலம். கிறிஸ்தவத்துக்கு முந்திய தீவிழா ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. லாத்வியாவில் அந்த விழாவின் பேரே யாணி, யானிஸ் என்பதன் பன்மை. ஜூன் 23 இரவு யாரும் படுப்பதில்லை. பெண்கள் பூ முடியும் ஆண்கள் கருவாலி இலை முடியும் சூடி, விடியும்வரை நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு, சீரகம்போன்ற விதை தூவிய பாலாடைக்கட்டியும் பீரும் பரிமாறிப் பாடுவார்கள். கோவாவில் அதே நாள் மழைக்காலம்; கிணறு நிரம்பியிருக்கும். தலையில் கொப்பேல் என்ற பூவளையம் சூடி இளைஞர்கள் கிணற்றில் குதிப்பார்கள். கருவுற்றிருந்த மரியாள் பார்க்க வந்தபோது எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியதாம்; அந்தத் துள்ளல்தான் இந்தக் குதிப்பு என்பார்கள். புதுமாப்பிள்ளைக்கு அன்று மாமியார் வீட்டில் தனி மரியாதை.

இத்தனை ஊரிலும் போனது ஓசை. பொருளைப் பிடித்துக்கொண்டு ஓசையை விட்டுவிட்டது தமிழ். கத்தோலிக்கத் தமிழர் இந்தப் பேரை அருளப்பர் என்றார்கள். எபிரேய வாக்கியத்தில் இருந்த அருள் அப்படியே நிற்கிறது. கடவுள் பேர் இருந்த இடத்தில் ஓர் 'அப்பர்'. சைவர் திருநாவுக்கரசரை அப்பர் என்று கூப்பிட்ட அதே மரியாதை. பவுலுக்கும் இதே வைத்தியம்தான்: லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன்; எனவே சின்னப்பர். 1978-இல் பாப்பரசரான போலந்துக்காரர் தமக்கு முன்னிருந்தவரைப் பின்பற்றி யோவான், பவுல் என்ற இரண்டு பேரையும் சேர்த்துச் சூடினார். தமிழ்க் கத்தோலிக்கர் சற்றும் தயங்காமல் அவரை இரண்டாம் அருள் சின்னப்பர் ஆக்கிவிட்டார்கள்.

இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி இந்தக் கலையில் மன்னர். கான்ஸ்டன்சோ என்ற தன் பேரின் உறுதியைத் தைரியமாக்கித் தைரியநாதர் ஆனார். நாம் வீரமாமுனிவர் என்கிறோம். அவருடைய தேம்பாவணியின் தலைவன் சூசையப்பர் எனும் யோசேப்பு. அந்தப் பேருக்கு எபிரேயத்தில் 'பெருகச் செய்வார்' என்று பொருள். காப்பியத்தில் அவர் வளன். நம் யோவானுக்கு அங்கே கருணையன் என்று பேர். தாயை இழந்து காட்டில் கருணையன் புலம்பும் பாடல்கள் பத்தாம் வகுப்புப் பாடநூல் வழியாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கம். மனப்பாடம் செய்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜானும் கருணையனும் ஒன்றே என்று தெரிந்திருக்கும்?

லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜுவாவ் டி பிரிட்டோவின் கதை இன்னும் அழுத்தமானது. பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, மதுரை மறைப்பணிக்கு வந்து, பண்டாரசுவாமியின் கோலம் பூண்டு, சைவ உணவே உண்டு, மறவர் நாட்டில் நடந்து திரிந்தார். ஜுவாவ் என்பதில் ஒளிந்திருந்த அருள் அருளானந்தர் என்று வெளியே வந்தது. கிழவன் சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-இல் ரோம் அவரைப் புனிதராக்கியது. ஓரியூரின் சிவந்த மண்ணை அவர் ரத்தம் தோய்ந்ததென்று இன்றும் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் அருளானந்து என்ற பேர் வீட்டுக்கு வீடு கிடைக்கும். யாழ்ப்பாணத்திலோ அருளானந்தம் சைவர் பேராகவும் சகஜம். பேரை வைத்து ஆளின் மதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சின்னப்பா என்பதும் அப்படியே. படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் படத்துக்குப் படம் முருகனைக் கும்பிட்டவர். மொழிபெயர்த்துச் சூட்டியதில் கிடைத்த பெரிய லாபமே இந்தக் கலப்பு என்று நான் நினைக்கிறேன்.

அரபியில் நடந்தது மூன்றாவது வகை. அரபுக் கிறிஸ்தவர் யுஹன்னா என்பார்கள். முஸ்லிம்களுக்கு அவர் யஹ்யா நபி. யஹ்யா என்ற சொல் அரபிக் காதுக்கு 'வாழ்வான்' என்று ஒலிக்கும். ஓசையும் கொஞ்சம் தப்பியது, பொருளும் வேறானது. ஆனால் குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில், யஹ்யாவுக்கு இறைவன் தந்தவற்றைச் சொல்லும்போது பரிவு என்ற பொருளில் ஹனான் என்ற சொல் வருகிறது. பழைய வேர் பேரை விட்டு நகர்ந்து பக்கத்து வரியில் குடியேறியதுபோல் இருக்கிறது. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலுக்குள் அவர் தலை அடங்கியதாகச் சொல்லும் அடக்கத்தலம் இருக்கிறது. இரு மதத்தாரும் அதை மதிக்கிறார்கள்.

1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து பைபிள் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, பேர்களையும் பொதுவாக்கினார்கள். அருளப்பர் யோவானானார், சின்னப்பர் பவுலானார். ஒற்றுமைக்குக் கொடுத்த விலை என்று ஏற்றுக்கொள்ளலாம். எனக்கென்னவோ கொஞ்சம் அதிக விலையாகவே படுகிறது. இப்போது பிள்ளைக்கு இவான் என்று நவீனமாகப் பேர் தேடி வைக்கிற இளம் பெற்றோர் உண்டு. பேரன் என்பதே பெயரன், பாட்டன் பேரைத் தாங்குபவன். பாட்டனார் அருளப்பனாக இருந்தால், இவான் என்று வைத்ததில் முறை ஒன்றும் தவறவில்லை.

இங்கிலாந்தில் ஜானின் செல்லப்பேர் ஜாக். தெருவெல்லாம் ஜாக் என்பதால், எடுபிடி வேலை செய்கிற எந்தப் பையனுக்கும் அதுவே பேராயிற்று. பிறகு பையன் செய்கிற வேலையைச் செய்த கருவிகளுக்கும் போயிற்று. பஞ்சர் பார்க்கிறவர் வண்டிக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிற ஜாக்கி அந்த வகை. ஸ்காட்லாந்தில் அதே செல்லப்பேர் ஜொக். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் ஜாக்கி, குதிரைக்காரப் பையன். கிண்டி பந்தயத்தில் குதிரைமேல் குனிந்து போகிறவர் அவர். மூன்றாவது ஜாக்கி சீட்டுக்கட்டில். அந்தச் சீட்டுக்கு ஆங்கிலத்தில் முதலில் வேலைக்காரன் என்று பொருள்படும் வேறு பேர் இருந்தது. மூலையில் எழுத்துப் போட்டு அச்சடிக்கத் தொடங்கியபோது ராஜாவின் எழுத்தோடு அது குழம்பியதால், ஜாக் உள்ளே வந்தான். நம் ஊர் இருபத்தெட்டு ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல். பிடித்தால் மூன்று புள்ளி. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றும் கிடையாது.